பிரஷர் மாத்திரை வந்த வழி

உயர் இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி வந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துத்தான் அதைக் குறைக்கும் மருந்து வந்தது. இத்தாலியின் டூரின் நகர மருத்துவர் சிப்பியோனே ரிவா-ரோச்சி, கையைச் சுற்றிக் கட்டிக் காற்றடிக்கும் பட்டையையும் பாதரசக் குழாயையும் இணைத்த கருவியை 1896இல் அறிமுகப்படுத்தினார். 1905இல் ரஷ்ய இராணுவ மருத்துவர் நிக்கோலாய் கொரொட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்து நாடியின் ஒலி தொடங்கும் இடத்தையும் மறையும் இடத்தையும் குறித்துக்கொள்ளும் முறையைச் சொன்னார். இன்று எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எழுதப்படும் மேல் எண்ணும் கீழ் எண்ணும் அந்த முறையிலிருந்து வந்தவை. எண் கையில் கிடைத்த பிறகும் சிகிச்சை தாமதமானதற்கு, நல்ல மருந்து இல்லாதது பாதிக் காரணம். அழுத்தத்தைக் குறைப்பதே தவறு என்று மருத்துவ உலகம் நம்பியது மறுபாதி.

அந்த நம்பிக்கைக்கு அன்று ஒரு தர்க்கம் இருந்தது. வயதாக ஆகத் தமனிகள் தடித்துக் குறுகுகின்றன. குறுகிய குழாய் வழியே மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தம் போய்ச் சேர வேண்டுமானால், இதயம் கூடுதல் விசையோடு தள்ளித்தான் ஆக வேண்டும். எனவே உயர்ந்த அழுத்தம் உடல் தானே செய்துகொண்ட ஏற்பாடு, அதைக் கலைத்தால் ஆபத்து என்று முடிவு கட்டினார்கள். அமெரிக்க இதய மருத்துவத்தின் மூத்தவரான பால் டட்லி ஒயிட் 1931இல் வந்த தமது பாடநூலில், குறைக்க வழி இருந்தாலும் கைவைக்காமல் விடுவதே சரியாக இருக்கக்கூடும் என்று எழுதினார். அதே ஆண்டு லிவர்பூல் மருத்துவர் ஜான் ஹே இன்னும் ஒரு படி மேலே போனார். இந்த நோயாளிக்குள்ள பெரிய அபாயமே நோய் கண்டுபிடிக்கப்படுவதுதான், கண்டுபிடித்துவிட்டால் யாராவது ஒரு முட்டாள் அதைக் குறைக்கக் கிளம்பிவிடுவான் என்பது அவர் வாதம்.

இந்த வாதத்தின் விலையை உலகமே பார்க்கும்படி கொடுத்தவர் அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். அவருடைய தனி மருத்துவர் ராஸ் மெக்கின்டையர் காது, மூக்கு, தொண்டை நிபுணர். 1944 மார்ச்சில் கடற்படையின் இளம் இதய மருத்துவர் ஹோவர்ட் புரூன் பரிசோதித்தபோது அதிபரின் அழுத்தம் 186/108 இருந்தது, இதயம் ஏற்கெனவே வீங்கித் தளர்ந்திருந்தது. உப்பைக் குறைத்தார்கள், சிகரெட்டைக் குறைத்தார்கள், இதயத்துக்கு டிஜிட்டாலிஸும் தூக்கத்துக்குப் பினோபார்பிட்டோனும் கொடுத்தார்கள். அழுத்தத்தைக் குறைக்க நேரடியாக எதுவும் இல்லை. அவர் அந்த உடம்போடு நான்காம் முறையும் தேர்தலில் வென்று, யால்டா மாநாட்டுக்கும் போய் வந்தார். 1945 ஏப்ரல் 12 அன்று தலை வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தபோது அளவு 300/190. மூளையில் இரத்தக் கசிவு. அவருக்கு வயது 63. உலகின் மிகச் செல்வாக்கான நோயாளிக்கே அன்றைய மருத்துவத்திடம் கொடுக்க இருந்தது அவ்வளவுதான்.

1940களில் மிகக் கடுமையான நோயாளிகளுக்கு இரண்டு வழிகள் இருந்தன, இரண்டுமே கொடுமையானவை. ஒன்று அறுவை. பாஸ்டனில் ரெஜினால்ட் ஸ்மித்விக் போன்றவர்கள் முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் பரிவு நரம்புச் சங்கிலியை வெட்டி எடுத்தார்கள். அந்த நரம்புகள்தான் இரத்தக் குழாய்களை இறுக்குகின்றன என்பதால், சிலருக்கு அழுத்தம் உண்மையிலேயே இறங்கியது. பிழைத்தவர்கள் எழுந்து நின்றால் மயங்கி விழுந்தார்கள். மற்றொன்று வால்டர் கெம்ப்னரின் சோற்றுப் பத்தியம். ஜெர்மனியிலிருந்து வந்து வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கெம்ப்னர், நோயாளிகளுக்குச் சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை ஆகியவற்றை மட்டும் கொடுத்தார். தமிழ் வாசகருக்கு இது எளிதாகத் தோன்றலாம். குழம்பு, மோர், ஊறுகாய், ஒரு கல் உப்பு எதுவும் இல்லாத சோறு, மாதக் கணக்கில், மூன்று வேளையும் என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடைப்பிடித்தவர்களில் பலருக்கு அழுத்தம் இறங்கியது, வீங்கிய இதயம் சுருங்கியது, விழித்திரைக் கசிவு ஆறியது. கெம்ப்னர் புரதத்தைக் குறைப்பதில்தான் குறியாக இருந்தார், பலன் பெரும்பாலும் உப்பில்லாததால் வந்தது. கடைப்பிடிக்க முடிந்தவர்கள் சிலரே என்றாலும், அந்தச் சிலர் மூலம் அழுத்தத்தைக் குறைத்தால் நோயாளி கெடுவதில்லை, தேறுகிறார் என்பது முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

மருந்து என்று சொல்லத்தக்க முதல் பொருள் ஹெக்ஸாமெத்தோனியம். லண்டனில் வில்லியம் பேட்டனும் எலினார் ஸைமிஸும் 1948இல் விவரித்த இந்தச் சேர்மம், நரம்பு முடிச்சுகளில் செய்தி கடப்பதைத் தடுத்தது. ஸ்மித்விக்கின் கத்தி செய்ததை ஊசி செய்தது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் ஹொரேஸ் ஸ்மெர்க் இதை நோயாளிகளுக்குக் கொடுத்து, உயிர் பறிக்கும் வகை நோய்க்காரர்களைக் காப்பாற்றினார். ஆனால் முடிச்சில் தடை போட்டால் அந்த வழியாகப் போகும் எல்லாமே நின்றுவிடும். வாய் வறண்டது, பார்வை மங்கியது, மலம் கட்டியது, ஆண்மை போனது. நோயின் அறிகுறி எதையும் உணராத ஒருவரிடம் இதை நாள்தோறும் போட்டுக்கொள்ளச் சொல்ல முடியாது. மலேரியா மருந்து தேடும் வழியில் சிபா நிறுவனத்துக்குக் கிடைத்த ஹைட்ரலசின் 1950களின் தொடக்கத்தில் வந்தது. குழாய்களை நேராகத் தளர்த்திய அது, தலைவலியையும் படபடப்பையும் கூட்டி வந்தது.

பொறுத்துக்கொள்ளக்கூடிய முதல் மருந்து இந்தியாவிலிருந்து போயிற்று. சர்ப்பகந்தா, தமிழில் சர்ப்பகந்தி என்றும் சொல்லப்படும் சிறு செடி, இமயத்தின் அடிவாரத்திலும் பீகார், வங்காளக் காடுகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்வது. அதன் வேர் பாம்புக்கடிக்கும் காய்ச்சலுக்கும் நாட்டு மருத்துவத்தில் பயன்பட்டது. பீகாரில் அதற்குப் பைத்திய மருந்து என்றே பெயர், வெறி கொண்டவரைத் தூங்கவைக்கும் என்பதால். ராவுல்ஃபியா என்ற அதன் தாவரவியல் பெயரில் இருக்கும் ராவுல்ஃப், 16ஆம் நூற்றாண்டின் ஆக்ஸ்பர்க் மருத்துவர். மேற்காசியாவில் சுற்றினாரே தவிர இந்தச் செடியை அவர் கண்டதில்லை. பிரெஞ்சுத் தாவரவியலாளர் பிளூமியே 1703இல் அவர் நினைவாக அந்தப் பேரினத்துக்குப் பெயரிட்டார்.

1931இல் இரண்டு காரியங்கள் நடந்தன. தில்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் உடன் பணிபுரிந்தவரும் வேரிலிருந்து சில காரப்பொருள்களைப் பிரித்தெடுத்தார்கள். கல்லூரியை நிறுவிய ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக ஒன்றுக்கு அஜ்மலின் என்று பெயர் வைத்தார்கள், அது பின்னாளில் இதயத் துடிப்புக் கோளாறுக்கு மருந்தாயிற்று. அதே ஆண்டு கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் இந்த வேர் பைத்தியத்துக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் பயன்படுகிறது என்று ஓர் இந்திய மருத்துவ இதழில் எழுதினார்கள். பால் டட்லி ஒயிட் கைவைக்க வேண்டாம் என்று எழுதிய ஆண்டும் அதுதான். கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ராம்நாத் சோப்ராவின் குழு விலங்குகளில் சோதித்து, அழுத்தம் குறைவதை 1933இல் உறுதிப்படுத்தியது. டேராடூனில் தொடங்கிய ஹிமாலயா மருந்து நிறுவனம் செர்பினா என்ற பெயரில் வேரை மாத்திரையாகவே விற்கத் தொடங்கியது. இவ்வளவு நடந்தும் வெளிநாட்டு மருத்துவர்கள் காதில் எதுவும் விழவில்லை. இந்திய இதழ்களை லண்டனிலும் பாஸ்டனிலும் புரட்டுவார் இல்லை.

அந்த மௌனத்தைக் கலைத்தவர் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையின் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல். அவர் 50 நோயாளிகளுக்கு வேரைக் கொடுத்து, அழுத்தத்தை ஒழுங்காகக் குறித்துவைத்து, முடிவை 1949இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்டார். செய்தி பழையதுதான். சொன்ன இடம் புதிது. பாஸ்டனில் ராபர்ட் வில்கின்ஸ் இந்தியாவிலிருந்து மாத்திரைகளை வரவழைத்துத் தம் நோயாளிகளிடம் சோதித்தார். அழுத்தம் மெதுவாக இறங்கியது, நாடித் துடிப்பு தணிந்தது, நோயாளிகள் அமைதியானார்கள். 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் சிபா நிறுவனத்தின் முல்லர், ஷ்லிட்லர், பைன் ஆகிய மூவரும் வேரின் வீரியமான காரப்பொருளைத் தனியாக்கி ரெசர்பின் என்று பெயரிட்டார்கள். அதைச் செயற்கையாகத் தொகுக்கும் வழியை ஹார்வர்டில் ராபர்ட் உட்வர்ட் 1956இல் காட்டினார். வக்கீலுக்கு 1957இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது.

கால் மில்லிகிராமுக்குள் வேலை செய்யும் இந்த மருந்து, நரம்பு முனைகளில் சேமித்து வைத்திருக்கும் நோரட்ரினலினைக் கரைத்துவிடுகிறது. களஞ்சியம் காலியானால் குழாயை இறுக்க ஆணை போகாது. மூளையிலும் அதே காலியாதல் நடப்பதால்தான் வேர் மனநோயாளிகளை அடக்கியது, அதனால்தான் அளவு மீறியபோது சிலர் ஆழ்ந்த சோர்வில் விழுந்தார்கள். சுவீடனின் அர்விட் கார்ல்சன் ரெசர்பின் கொடுத்து அசைவற்றுப்போன முயல்களை எல்-டோபா ஊசியால் எழுப்பிக் காட்டியதிலிருந்து டோபமினின் பங்கு தெரிந்தது, பார்க்கின்சன் நோய்ச் சிகிச்சை பிறந்தது, 2000இல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது. வேரோ வேட்டைக்கு இரையாயிற்று. காட்டிலிருந்து தோண்டித் தோண்டி ஏற்றுமதி செய்ததில் செடி அருகிப்போய், இந்திய அரசு தடை போட வேண்டியிருந்தது. நிறுவனங்கள் ஆப்பிரிக்காவில் வளரும் அதே பேரினத்து மரத்தை நாடின.

அடுத்த திருப்பம் அமெரிக்காவில். 1930களில் சல்பா மருந்து உட்கொண்டவர்களின் சிறுநீர் மாறுவதை மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். மெர்க் நிறுவனத்தின் கார்ல் பேயர், அந்த வகைச் சேர்மங்களை மாற்றியமைத்தால் சிறுநீரகம் உப்பையே வெளியேற்றும்படி செய்யலாம் என்று கருதினார். அவரும் ஜேம்ஸ் ஸ்பிராக், ஜான் பேயர், பிரெடெரிக் நொவெல்லோ ஆகியோரும் சேர்ந்து உருவாக்கிய குளோரோதயசைடு 1958இல் கடைக்கு வந்தது. கெம்ப்னர் சோற்றிலிருந்து எடுத்த உப்பை இது உடம்பிலிருந்து எடுத்தது. வாய் வழி மாத்திரை, மலிவு, மயக்கம் இல்லை, மற்ற மருந்துகளோடு சேர்த்தால் அவற்றின் வேகத்தையும் கூட்டியது. உயர் அழுத்தத்துக்கு இதன் பயனை முதலில் சோதித்தவர்களில் சர்ப்பகந்தா வில்கின்ஸும் எட்வர்ட் ஃபிரைஸும் இருந்தார்கள். இந்தக் கட்டுரையில் வரும் எல்லா மருந்துகளிலும் அதிக உயிர்களைக் காத்தது எது என்று கேட்டால், தயசைடு வகையைச் சொல்வதில் தவறில்லை.

மருந்து வந்தாயிற்று. அதைக் கொடுப்பது நன்மையா என்ற பழைய கேள்வி மட்டும் தீரவில்லை. அதைத் தீர்த்தவர் ஃபிரைஸ். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில், கீழ் அழுத்தம் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களைச் சீட்டுக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, ரெசர்பின், ஹைட்ரலசின் மூன்றும்; மறு பிரிவுக்கு வெற்று மாத்திரை. ஒழுங்காக விழுங்குபவர்களை மட்டும் சேர்க்க ஒரு தந்திரம் செய்தார்கள். முன்னோட்டக் காலத்து மாத்திரையில் ரைபோஃபிளேவின் கலந்து, புற ஊதா ஒளியில் சிறுநீர் மஞ்சளாக ஒளிர்கிறதா என்று பார்த்தார்கள். ஒன்றரை ஆண்டு அளவில் வெற்று மாத்திரைப் பிரிவில் 27 பேருக்குக் கடும் பாதிப்பு, மருந்துப் பிரிவில் 2 பேருக்கு. 1967இல் இது வெளியானபோது வாதாட இடமில்லாமல் போயிற்று. கீழ் அழுத்தம் 90 முதல் 114 வரை இருந்த 380 பேரிடம் நடந்த அடுத்த சோதனை 1970இல் வெளியானது. ஐந்தாண்டில் பாதிப்பு வரும் வாய்ப்பு 55 விழுக்காட்டிலிருந்து 18ஆகக் குறைந்திருந்தது. அந்த மும்மருந்துச் சேர்க்கையின் நெருங்கிய உறவு இந்தியாவில் அடெல்ஃபேன்-எசிட்ரெக்ஸ் என்ற பெயரில் விற்றது. ஒரு தலைமுறையின் பெரியவர்களுக்கு பிரஷர் மாத்திரை என்றால் அதுதான்.

இதற்கிடையே வேறு வேறு வாசல்கள் வழியே மருந்துகள் வந்துகொண்டிருந்தன. மெத்தில்டோபா 1960இல் தன் குணத்தைக் காட்டியது, கர்ப்பிணிகளுக்கு இன்றும் அது உண்டு. ஜெர்மனியில் மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்தாகச் செய்த குளோனிடினை ஜலதோஷம் பிடித்த ஓர் அலுவலகச் செயலாளர் போட்டுக்கொண்டு மறுநாள் வரை தூங்க, அவருடைய அழுத்தம் இறங்கியிருப்பது தெரிந்து, அது அழுத்த மருந்தாயிற்று. மினாக்சிடில் எதிர்த் திசையில் போனது. அழுத்தத்துக்குச் சாப்பிட்டவர்களின் உடலெங்கும் முடி வளர, வழுக்கைத் தலைக்குத் தைலமாக 1988இல் மறுபிறவி எடுத்தது.

பீட்டா தடுப்பான்கள் இதயவலிக்காகத் தேடப்பட்டவை. ஜார்ஜியாவின் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் 1948இல் அட்ரினலினுக்கு ஆல்ஃபா, பீட்டா என இருவகை ஏற்பிகள் உண்டு என்றார். அதை நம்பியவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் பிளாக். இதயத்தின் ஏற்பியை மூடினால் அது குறைந்த ஆக்சிஜனில் சமாளிக்கும் என்று எண்ணி, ஐ.சி.ஐ. நிறுவனத்தில் புரொப்ரனலாலை உருவாக்கினார். அது அழுத்தத்தையும் குறைப்பதை லண்டனில் பிரையன் பிரிச்சர்ட் 1964இல் கவனித்துச் சொன்னபோது நம்பியவர்கள் குறைவு, விளக்கம் யாருக்கும் தெரியவில்லை. 1976இல் வந்த அட்டெனலால் உலகெங்கும் பரவியது. பிளாக் 1988இல் நோபல் பெற்றார்.

திட்டமிட்டு வடிவமைத்த முதல் மருந்துக்குப் பின்னால் ஒரு பாம்பு இருக்கிறது. 1898இல் ஸ்டாக்ஹோமில் திகர்ஸ்டெட்டும் பெர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றில் அழுத்தத்தை ஏற்றும் ரெனின் என்ற பொருளைக் கண்டார்கள். அது நாற்பதாண்டு மறக்கப்பட்டுக் கிடந்தது. கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட் 1934இல் நாய்களின் சிறுநீரகத் தமனியை இறுக்கி நிலையான உயர் அழுத்தத்தை உண்டாக்கிய பிறகு அது மீண்டது. ரெனின் தொடங்கிவைக்கும் சங்கிலியின் முடிவில் ஆஞ்சியோடென்சின் II என்ற கடும் இறுக்கியை உண்டாக்கும் நொதி 1956இல் தெரிந்தது. அதைத் தடுக்கும் பொருள் பிரேசில் காட்டில் இருந்தது. ஜராராகா என்னும் குழிவிரியன் கடித்தவருக்கு இரத்த அழுத்தம் சரேலென விழும். ரோச்சா இ சில்வாவின் குழு 1949இல் அந்த நஞ்சின் துணையால் பிராடிகினின் என்ற பொருளைக் கண்டறிந்தது. அவருடைய மாணவர் செர்ஜியோ ஃபெரேரா, பிராடிகினின் சிதையாமல் காக்கும் ஒரு கூறு நஞ்சிலேயே இருப்பதை 1965இல் காட்டி, அந்தச் சாற்றை லண்டனில் ஜான் வேனின் ஆய்வகத்துக்கு எடுத்துப் போனார். அங்கே பாக்லே என்பவர் அதைச் சோதிக்க, ஆஞ்சியோடென்சினை உண்டாக்கும் நொதியையும் அது முடக்கியது.

வேன் ஆலோசகராக இருந்த ஸ்க்விப் நிறுவனத்தில் மிகுவேல் ஒண்டெட்டியும் டேவிட் குஷ்மனும் நஞ்சிலிருந்து டெப்ரோடைடு என்ற ஒன்பது அமினோ அமிலச் சங்கிலியைப் பிரித்தார்கள். அழுத்தம் குறைந்தது, ஆனால் வயிற்றில் செரித்துவிடும் என்பதால் ஊசியாகத்தான் போட முடிந்தது. இருவரும் 1974இல் வேறொரு நொதியைப் பற்றிய கட்டுரையைப் படித்து, தங்கள் நொதியின் வேலை நடக்கும் குழி எப்படி இருக்கும், அதில் துத்தநாக அணு எங்கே உட்கார்ந்திருக்கும் என்று தாளில் வரைந்து பார்த்து, அதற்குப் பொருந்தும் சிறு மூலக்கூறைக் கட்டினார்கள். அதுவே கேப்டோபிரில், அமெரிக்காவில் 1981இல் அனுமதி பெற்றது. பின்னால் எனலாபிரில், லிசினோபிரில் வந்தன. பிராடிகினின் தேங்குவதால் வரும் வறட்டு இருமல் மட்டும் நீங்கவில்லை. ஆஞ்சியோடென்சினின் ஏற்பியையே அடைக்கும் லோசார்டன் 1995இல் அந்தக் குறையைப் போக்கியது. டெல்மிசார்டன் அதன் தம்பி. இவ்வளவு பெரிய வணிகத்தில் பிரேசிலுக்குப் பங்கு கிடைக்கவில்லை என்ற மனக்குறை அங்கே இன்றும் உண்டு.

கால்சியம் தடுப்பான்களின் கதை சுருக்கமானது. ஃப்ரைபர்க் நகரில் ஆல்பிரெக்ட் ஃப்ளெக்கன்ஸ்டைன் 1960களில், வெரபமில் போன்றவை தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுக்கின்றன என்று விளக்கினார். பேயர் நிறுவனத்தின் நிஃபெடிபின் 1970களில் வந்தது. அதன் உறையைக் குத்தி நாக்கின் அடியில் பிழிந்து அழுத்தத்தை ஒரேயடியாக இறக்கும் வழக்கம் பல ஆண்டு நடந்து, பக்கவாதமும் மாரடைப்பும் நேர்ந்த பின் கைவிடப்பட்டது. நாள் முழுதும் நின்று நிதானமாக வேலை செய்யும் அம்லோடிபின் 1990களில் அதன் இடத்தைப் பிடித்தது.

புதியது சிறந்ததா என்பதை 33,357 பேரைச் சேர்த்து நடந்த ஆல்ஹாட் சோதனை 2002இல் சொன்னது. தயசைடு போன்ற, பழைய, மலிவான குளோர்தாலிடோன் மாரடைப்பைத் தடுப்பதில் அம்லோடிபினுக்கோ லிசினோபிரிலுக்கோ குறைந்ததாக இல்லை. விளம்பரமோ புதியவற்றின் பக்கமே நின்றது. ரெசர்பினை யாரும் முறையாகத் தோற்கடிக்கவில்லை. 1974இல் அதற்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு என்று கிளம்பிய செய்தி பின்னால் நிலைநிற்கவில்லை என்றாலும், காப்புரிமை முடிந்த மருந்துக்காக வாதாட யாரும் முன்வரவில்லை.

விலையின் கதை இந்தியாவில் வேறு விதமாக நடந்தது. 1970இன் காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்கு உரிமை தராமல் செய்முறைக்கு மட்டும் தந்தது. உள்ளூர் நிறுவனங்கள் தங்கள் வழியில் அட்டெனலாலையும் எனலாபிரிலையும் அம்லோடிபினையும் செய்து குறைந்த விலைக்குக் கொடுத்தன. தமிழ்நாடு 1994இல் மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கி, அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக வாங்கும் முறையை ஏற்படுத்தியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது.

மூன்று மருந்துகளைச் சேர்க்கும் பழைய யோசனையும் திரும்பி வந்தது. இலங்கையின் மருத்துவமனைகளில் 700 நோயாளிகளிடம் நடந்து 2018இல் வெளியான ஒரு சோதனை, டெல்மிசார்டன் 20, அம்லோடிபின் 2.5, குளோர்தாலிடோன் 12.5 மில்லிகிராம் ஆகிய மூன்றையும் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தது. ஆறு மாதத்தில் அந்த மாத்திரையைப் பெற்றவர்களில் 70 விழுக்காட்டினர் இலக்கை எட்டினர், வழக்கமான சிகிச்சையில் 55 விழுக்காட்டினர்.